நான்கு நிமிட மௌனத்தின் வெளிநாட்டுப் பயணம்

உலகத்தில் நாலு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஒரே ஜனம் ஹௌகிலம்பி ஊர் ஜனம்தான். ஓஸ்மோ குய்வாலா இதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. கேட்பவர்களும் சிரிப்பதில்லை, தலையாட்டுவதுமில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று ஒருவர் அறிவித்தால் அதற்கு யார் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்?

ஆதாரம் இல்லாமல் பேசுகிற ஆள் இல்லை ஓஸ்மோ. ஏழு நாடுகள் முயன்று பார்த்திருக்கின்றன. ஏழும் தோற்றுப்போயின.

விஷயம் 'வாய்க்கால்' நாடகம். ஊராட்சி நூலகத்தில் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த லெம்பி என்ற பெண்மணி முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது. அண்ணன், தம்பி. இரண்டு பேர் வயலுக்கும் நடுவில் ஒரு வடிகால் வாய்க்கால். அது யார் நிலத்தில் ஓடுகிறது என்ற தகராறில் பத்தொன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த மத்தியானம், ஏரியில் நீட்டிக்கொண்டிருக்கும் படகுத்துறைப் பலகையில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து உட்காருகிறார்கள். எழுந்து போக இருவருக்கும் ரோஷம் விடவில்லை. அதனால் உட்கார்ந்தே இருக்கிறார்கள். கைப்பிரதியில் இந்த இடத்தில் லெம்பி எழுதியிருப்பது ஒரே வரி: "உட்கார்ந்திருக்கிறார்கள், போதும் என்று தோன்றும்வரை."

ஹௌகிலம்பி இருக்கும் ஹமே சீமையில் போதும் என்று தோன்ற நாலு நிமிடம் ஆகும். பிறகு தம்பி, "தண்ணி ஏறியிருக்கு" என்கிறான். அண்ணன், "ஆமா" என்கிறான். இரண்டாம் அங்கம் அவ்வளவுதான்.

அந்த "ஆமா" விழும்போது, மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிற ஆட்கள் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். கொசுத் தொல்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொள்வார்கள். மூன்றாம் அங்கம் ஒன்று இருக்கிறது. அதில் வாய்க்காலைத் தூர்வாருகிறார்கள். அதற்குள் பாதிப் பேர் மனசால் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அண்ணனாக ஓஸ்மோவும் தம்பியாக ஹெம்மோவும் நடிக்கத் தொடங்கி இது முப்பதாவது கோடை. வருஷத்தின் மற்ற நாட்களில் ஓஸ்மோ மண் தோண்டும் இயந்திரத்தில் உட்கார்ந்து நிஜ வாய்க்கால்களைத் தோண்டுகிறவர். கலைக்காக அவர் விட்டுக்கொடுத்தது ஒன்றுமில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

நாடகம் கடல் கடந்து போன கதையை, கோடை ஒத்திகை தொடங்கும் நாளில், காபி இடைவேளையில், ஓஸ்மோ ஒருமுறை முழுசாகச் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த ஆள் யாராவது கேட்பார். இல்லாவிட்டால் பழைய ஆட்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். முதலில் எஸ்தோனியாக்காரர்கள் போட்டார்கள். மூன்றரை நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர்கள், சொந்தபந்தம், போனால் போகிறது. ஸ்வீடனில் மௌனம் தொடங்கியதும் அண்ணன் குடுவையைத் திறந்து தம்பிக்குக் காபி ஊற்றினான். பிறகு ஒரு பெண்மணி மேடைக்கு வந்து, இந்தத் தகராறில் யார் மனசு எப்படி எப்படிப் புண்பட்டது என்று இருவரிடமும் விசாரித்தாள். ஹங்கேரியில் மௌனத்துக்குப் பின்னணியாக வயலின். பிரான்ஸில் தம்பியின் மனசுக்குள் ஓடுவதாக ஒன்றரைப் பக்கம் எழுதி ஒலிபெருக்கியில் விட்டார்கள். ஜெர்மனிக்காரர்கள் நேர்மையானவர்கள், மேடையில் ஆளுயரக் கடிகாரம் ஒன்றை மாட்டி, நாலு நிமிடம் என்றால் நாலு நிமிடம் உட்கார்ந்தார்கள். ஆனால் அரங்கில் எல்லோரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் ஆறு நிமிடம் என்று கேள்விப்பட்டபோது ஓஸ்மோவுக்கு ஒருநாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், விருந்தாளி வீட்டுக்காரனை விட அதிகமாகச் சாப்பிடுவது மரியாதையில்லை என்று ஒரு தீர்ப்புச் சொல்லி அந்த வழக்கை முடித்துவைத்தார்.

சாவோ சீமைக்காரர்களும் நாடகத்தைக் கேட்டார்கள். வாய் ஓயாமல் பேசுகிற ஜனம். லெம்பி கொடுக்கவில்லை. உள்நாட்டிலேயே ஒரு வெளிநாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

ஆனால் ஓஸ்மோவின் வாழ்நாள் விருந்து இத்தாலிதான். பாரி நகரத்தில் போட்ட நாடகத்தின் ஒளிப்பதிவு வந்தபோது, இளைஞர் சங்கக் கட்டடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் இத்தாலிய அண்ணன் ஒரு சாண் நகர்ந்தான். தம்பியைத் திரும்பிப் பார்த்தான். அவன் தோளில் கை வைத்தான். அரங்கமே கைதட்டியது. ஓஸ்மோ எழுந்து போய்ப் படத்தை நிறுத்தினார்.

"இப்ப எதுக்கு இது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம், பெட்ரோல் நிலையத்துக் காபிக்கடையில் வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. ஓஸ்மோ ஈரமான கண்களுடன் காபி இயந்திரத்தின் தோளில் கை வைப்பார். ஐஸ்கிரீம் உறைபெட்டியின் தோளில் வைப்பார். கால்நடை வைத்தியரின் நாய் ஒன்று அங்கே படுத்திருக்கும். அதன் தோளிலும் வைத்து, பெருமூச்சு விட்டுத் தொலைவைப் பார்ப்பார். பிறகு காரணத்தை விளக்குவார்: "தோள்ல கை வைக்கறவன் உலகத்துல ரெண்டே பேருதான். ஒருத்தன் போலீஸு. இன்னொருத்தன் காப்பீடு விக்கறவன்."

ஹெம்மோ இதைக் கேட்டு மூக்கால் மட்டும் சிரிப்பார். நன்றாக நடிக்கிறாய் என்பதற்கு அவர் கொடுக்கும் அதிகபட்சப் பரிசு அது.

ஏப்ரலில் ஹெம்மோவுக்கு மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு வந்தது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார். கை கால் எல்லாம் சரியாக இருந்தன. வார்த்தைகளில்தான் கோளாறு. முப்பத்தெட்டு வருஷம் தபால்காரராக இருந்தவருக்கு, முன்பெல்லாம் வீட்டு வாசலுக்கே வந்துகொண்டிருந்த வார்த்தைகளை இப்போது போய் வரிசையில் நின்று வாங்கிவர வேண்டியிருந்தது. சில நாள் அலுவலகமே மூடியிருந்தது.

கூட்டுறவுக் கடையில் பாலாடைக்கட்டி வாங்கப் போனார். பெயர் வரவில்லை. விற்கும் பெண் காத்திருந்தாள். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை, அதுதான் ஹெம்மோவுக்குப் பொறுக்கவில்லை. கை நீட்டிக் காட்ட வசதியாக இருந்த ஒரு மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. பெட்ரோல் நிலையத்துக்கும் வரவில்லை. தொலைபேசி அடித்தால் அவர் மனைவி ரைலிதான் எடுத்தாள்.

இயக்குநர் சினிக்கா, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மே மாதம் ஓஸ்மோவை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஏலக்காய் பன்னைத் தட்டில் வைத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தாள். முப்பதாவது வருஷம். இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் விருந்தாளிகள் வருகிறார்கள். ஹெம்மோவுக்குப் பதிலாக மருந்துக்கடை பெர்த்தியைத் தயாராக வைத்திருக்கிறாள்.

"வசனம் மொத்தமும் பாடம் பண்ணிட்டான்" என்றாள்.

"பெர்த்திக்கு உக்காரத் தெரியாது."

"ஏன், நாற்காலியில உக்காந்துதானே மாத்திரை எண்ணறான்?"

"அது உக்காரறது இல்ல, சினிக்கா. அது காத்துட்டிருக்கறது. பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. பலகையில அவன் உக்காந்தா ஜனங்க ரோட்டத் திரும்பிப் பாப்பாங்க."

சினிக்கா பன்னைப் பிய்த்தபடி யோசித்தாள். "ஹெம்மோவுக்கு வார்த்தை நின்னுபோச்சுன்னா?"

"ஹெம்மோ இல்லன்னா நானும் இல்ல" என்றார் ஓஸ்மோ. காபியை முடித்துவிட்டு, இரண்டாவது பன்னையும் எடுத்துக்கொண்டு போனார்.

அங்கிருந்து நேராக ஹெம்மோ வீட்டுக்குத்தான் போனார். இருவரும் விறகுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார்கள். மனுஷன் நடிப்பானா மாட்டானா என்பதை நேராகக் கேட்க ஓஸ்மோவுக்கு வாய் வரவில்லை. ஹெம்மோவே சொன்னார்.

"நடிக்கறேன்."

"சரி."

பிறகு ஹெம்மோ, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து, "மேடையில மாட்டுச்சுன்னா… அதோட சரி" என்றார்.

"என்ன சரி?"

"எல்லாம்."

மற்ற ஊரில் இதை மிரட்டல் என்பார்கள், புலம்பல் என்பார்கள். ஹெம்மோ வருஷத்துக்கு ஒருமுறைகூட மனசில் இருப்பதைச் சொல்லாத மனுஷர். அவர் எல்லாம் என்றால் எல்லாம்தான். ஊர் முன்னால் ஒருமுறை வாயடைத்து நின்றால் மனுஷன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். பிறகு ரைலி சொல்லித்தான் அவன் உயிரோடு இருப்பது ஊருக்குத் தெரியும். திரும்பி வரும் வழியில் ஓஸ்மோ தன் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் போய்விட்டார்.

ஒத்திகையெல்லாம் நன்றாகவே நடந்தது. ஹெம்மோ எந்த இடத்திலும் தடுமாறவில்லை. ஓஸ்மோ தைரியமாகிவிட்டார். ஆனால் ஜூன் கடைசியில், அவர் ரைலியின் தோட்டத்துக்குச் சரளைக்கல் கொண்டுவந்து கொட்டியபோது, அவள் வண்டிக் கதவருகே வந்து நின்றாள். நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். முப்பது வருஷமாக மேடைக்குப் பக்கத்துப் படகுக் கொட்டகை மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறவள்.

"வீட்டுல எல்லாம் வருது" என்றாள். "தண்ணி வசனந்தான். மூணு தடவைக்கு ஒரு தடவ வரல."

"வரலன்னா எடுத்துக் குடு."

"எங்க எடுத்துக் குடுக்கறது? அந்த அமைதியில நான் மூச்சு விட்டாலே கடைசி வரிசைக்குக் கேக்கும். அதோட, எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு அவரு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஓஸ்மோ கொஞ்சம் யோசித்து, அப்படியானால் அந்த வரியைத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். ரைலி அவரைச் சின்னப் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"தம்பி மொதல்ல வாயத் தொறக்கறதுதான்யா நாடகமே. ஊர்ல ஆடு மாட்டுக்குக்கூட அது தெரியும். நீ சொன்னா, ஏன் சொன்னேன்னு எதிர்ல உக்காந்திருக்கற முன்னூத்தி நாப்பது பேருக்கும் தெரிஞ்சுடும்."

சரளைக்கல்லைப் பரப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார். பரப்பாமலே போய்விட்டார்.

விருந்தாளிகள் ஜூலை இரண்டாவது சனிக்கிழமை வந்தார்கள். ஜெர்மன் இயக்குநர் ஒருவர், ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். இத்தாலியிலிருந்து ருஜ்ஜேரோ. தம்பி தோளில் வைத்த அந்தக் கைக்குச் சொந்தக்காரன். நாற்பத்தைந்து வயது, நல்ல சிரிப்பு. இந்தப் பயணத்துக்காக ஒரு வருஷம் உட்கார்ந்து ஹௌகிலம்பி பேசும் மொழியைப் படித்திருந்தான். ஏதோ பழைய புத்தகத்திலிருந்து படித்திருக்க வேண்டும். வாயைத் திறந்தால் பாதிரியார் பிரசங்கம் செய்வது போலிருந்தது.

"மூத்தவரே, தங்களைக் கண்டதில் என் உள்ளம் களிகூர்கிறது" என்றான், கருகிய சாஸேஜுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த ஓஸ்மோவிடம்.

"கடுகு விழுது வேணுமா?" என்றார் ஓஸ்மோ.

ஒளிப்பதிவைப் பார்த்த நாளிலிருந்து ஓஸ்மோ வைத்திருந்த கேள்வி ஒன்றுதான். சாஸேஜ் பாதி போனதும் கேட்டுவிட்டார்: எதற்காகக் கை வைத்தாய்? ருஜ்ஜேரோ யோசித்தான். அவன் இலக்கணத்தைத் தேடுகிறானா காரணத்தைத் தேடுகிறானா என்று தெரியவில்லை.

"ஒத்திகைகளில் நான் கை வைத்திலேன். அன்று அரங்கில் அமர்ந்திருக்கையில், அவன் அஞ்சுகிறான் என்று எனக்குத் தோன்றிற்று."

"பலகை மேல உக்காந்திருக்கறவனுக்கு என்ன பயம்? மீனுக்கா?"

"அறியேன். தோன்றிற்று."

"இங்க யாருக்கும் அப்படித் தோணாது" என்றார் ஓஸ்மோ. பக்கத்தில் நின்ற தீயணைப்புக்காரனின் தோளில், கண்களை ஈரமாக்கிக்கொண்டு, கடுகு ஒட்டிய கையை வைத்துக் காட்டினார். வரிசை முழுக்க மூக்கால் சிரித்தது. ருஜ்ஜேரோ எல்லோரையும் விட அதிகமாக, வாய்விட்டே சிரித்தான். ஓஸ்மோவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஞாயிறு இரண்டு மணிக்கு, ஏரிக்கரைத் திறந்தவெளி மேடையில் ஆட்டம். ஒன்றரைக்குத் தூறல் பிடித்தது. ஆட்டம் நிற்காது, வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு கொடுத்தார்கள். குடைக்கு அனுமதி கிடையாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். முன்னூற்று நாற்பது இடமும் நிறைந்து, ஜனம் தாளில் சுற்றிய பன் போல வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது.

கொட்டகைக்குப் பின்னால், வழக்கம்போல, முதல் ஆட்ட நாளின் இடி கொடுத்துக்கொண்டார்கள். நாடகம் நன்றாக நடக்க ஒருவரை ஒருவர் முழங்காலால் பின்பக்கத்தில் இடிக்க வேண்டும். வாங்கினவர் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு விளங்காது. ஓஸ்மோ ஹெம்மோவை இடித்தார். ஹெம்மோ ஓஸ்மோவை இடித்தார். ஹெம்மோவின் முகம் கறுப்புக் கோட்டுக்கு மேலே சுண்ணாம்பு போல இருந்தது. வாழ்த்துச் சொல்ல வந்த ருஜ்ஜேரோ, தானும் ஓர் அண்ணன்தான், தனக்கும் ஒன்று வேண்டும் என்று திரும்பி நின்றான். சினிக்கா உடற்பயிற்சி ஆசிரியை என்பதற்கு ஏற்றபடி ஒன்று கொடுத்தாள்.

"மிக்க நன்றி" என்றான் ருஜ்ஜேரோ.

ஹெம்மோ தரையைப் பார்த்தார்.

"வாபஸ் வாங்கு" என்றாள் சினிக்கா.

அவனுக்கு விளக்கிச் சொன்னார்கள். அவன் நெஞ்சில் கை வைத்து, "என் நன்றியைத் திரும்பப் பெறுகிறேன். நான் நன்றி கெட்டவன்" என்று உறுதிமொழி எடுத்தான். அது செல்லுமா செல்லாதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

முதல் அங்கம் ஓடியது. ஹெம்மோ தன் பதினேழு வசனத்தையும் தடுமாறாமல் சொன்னார். சவப்பெட்டிக்குப் பின்னால் இருவரும் வாய்க்காலின் இரு கரையில் நடந்து போகும் காட்சியில் எப்போதும் விழும் சிரிப்பு இன்றும் சரியான இடத்தில் விழுந்தது.

இரண்டாம் அங்கம். பலகையில் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி. தூறல் ஏரியில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகை மூலையில் ரைலி நோட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

ஓஸ்மோ மேடையில் நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பதில்லை, மூச்சால் அளப்பார். அவர் உடம்புக்கு அறுபது மூச்சு நாலு நிமிடம். ஐம்பத்தெட்டில் ஹெம்மோ தலையைக் கொஞ்சம் தூக்குவார், அறுபதில் பேசுவார். முப்பது வருஷத்தில் ஒரு மூச்சு முன்னே பின்னே ஆனதில்லை.

ஐம்பத்தெட்டில் ஹெம்மோ தலையைத் தூக்கினார். அறுபது. அறுபத்தொன்று. தூக்கிய தலை தூக்கியபடியே இருந்தது.

எழுபதில் தூரத்தில் ஒரு நீர்ப்பறவை கூப்பிட்டது. எண்பதில் ஓஸ்மோ கண்ணை மட்டும் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். ஒரு இருமல் இல்லை, ஒரு பிளாஸ்டிக் சரசரப்பு இல்லை. முன்னூற்று நாற்பது பேர், மூக்கு நுனியில் மழை சொட்ட, காரணம் தெரியாமல், காரணம் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முப்பதாவது வருஷத்துக்காக நீட்டுகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். எதுவுமே நினைக்காமலும் இருக்கலாம். முன்வரிசையில் ஐந்து வயசுப் பெண் ஒருத்தி மடியில் கை வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். ஜெர்மன்காரர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். ஓஸ்மோவின் நெஞ்சு, அந்தச் சங்கடத்திலும், கேட்காமல் விம்மியது. என்ன ஜனம் இது, என்று நினைத்தார். உலகத்தில் எங்கே கொண்டுபோய் வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம்.

தொண்ணூற்றொன்று. ஜப்பானைத் தாண்டியாயிற்று. அப்படி ஒரு எண்ணம் வந்ததற்காக உடனே வெட்கப்பட்டார்.

நூறில், மேடையில் அண்ணன் ஒருபோதும் செய்யக் கூடாததைச் செய்தார்: ஓரக்கண்ணால் தம்பியைப் பார்த்தார். ஹெம்மோவின் தாடை அசைந்தது; ஒன்றும் வரவில்லை. காது மடல் சிவந்திருந்தது. வலது கட்டைவிரல் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது. கண் ஏரியைப் பார்க்கவில்லை. கூட்டுறவுக் கடையில் அந்தப் பெண்ணுக்கு எதிரே எப்படி நின்றிருப்பார் என்பதை ஓஸ்மோ இப்போதுதான் பார்த்தார்.

மூலையில் ரைலி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இருமிப் பார்க்கலாமா என்று யோசித்தார் ஓஸ்மோ. இருமினால் ஹெம்மோவுக்கு அது அவசரப்படுத்துவது போல இருக்கும். தண்ணீரில் விழுந்துவிடலாமா என்றும் யோசித்தார். விளையாட்டில்லை, உண்மையாகவே யோசித்தார். விழுந்தால் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வர வாய்ப்புண்டு. ஆனால் அவர் விழுந்தால் சினிக்கா குதிப்பாள், தீயணைப்புக்காரன் குதிப்பான், ஆட்டம் அதோடு முடியும். ஹெம்மோ வீட்டுக்குப் போவார், கதவைச் சாத்துவார்.

நூற்றுப்பத்து. நூற்றுப்பதினைந்து. அதற்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

ஓஸ்மோ பலகையில் ஒரு சாண் நகர்ந்தார். ஈரப் பலகை முனகியது. இன்னொரு சாண். பிறகு, நாற்பது வருஷம் இயந்திரக் கைப்பிடியைத் தவிர வேறெதையும் அதிகம் பிடித்தறியாத கையைத் தூக்கி, ஹெம்மோவின் தோளில் வைத்தார்.

அந்தத் தோள் ஊசி போட வந்தவரைப் பார்த்த மாடு போல விறைத்தது. கை எடுக்கப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது. ஹெம்மோ உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு, எத்தனை மூச்சோ, ஒன்றாக வெளியே வந்தது. கட்டைவிரல் பொத்தானை விட்டது. கண் மெதுவாகத் தாழ்ந்து, பலகைக்குக் கீழே, தூண்களைத் தொட்டுக்கொண்டிருந்த ஏரியின்மேல் போய் நின்றது.

"தண்ணி" என்றார் ஹெம்மோ.

ஓஸ்மோ காத்திருந்தார். கூட்டம் காத்திருந்தது. அவசரம் யாருக்கும் இல்லை.

"தண்ணி ஏறியிருக்கு."

"ஆமா."

இந்த இடத்தில் அண்ணன் எழுந்து இடப்பக்கமாகவும், தம்பி கொஞ்சம் பொறுத்து வலப்பக்கமாகவும் போக வேண்டும். ஹெம்மோ எழவில்லை. ஓஸ்மோவும் எழவில்லை. தூறல் கொஞ்சம் வலுத்தது. ஓஸ்மோ தன் சட்டைக் கைக்குள் தண்ணீர் வழிந்து இறங்குவதை உணர்ந்தார். ஆனால் கையை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.